தும்மல் அண்ணனும் ஓர் ஆள் இடமும்

அன்றைக்குப் பேருந்தில் கால் வைக்க இடமில்லை. சலவை மூட்டையைக் கட்டிக்கொண்டு நான் பின்படியில் ஒண்டி நின்றேன். அத்தனை கூட்டத்திலும் ஓர் இருக்கை மட்டும் காலியாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் சன்னலோரம் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். காலரில் நீல வில்லை குத்தியிருந்தது. அச்சுப்பிள்ளைகள் வில்லை குத்தாமல் வெளியே வரக் கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. அந்த வில்லையைப் பார்த்துவிட்டு யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. அந்தப் பிள்ளை தலை குனிந்திருந்தார்.

அடுத்த நிறுத்தத்தில் குடையும் கையுமாக ஒரு மனிதர் ஏறினார். ஏறும்போதே அடுக்கடுக்காகத் தும்மினார். நடத்துனர் நகர்ந்து வழி விட்டார். மனிதர் நேரே போய் அந்தக் காலி இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போவதற்குள் கண்ணை மூடினார். தலை சாய்ந்தது. வாயைப் பிளந்துகொண்டு அந்த இளைஞரின் தோளிலேயே தூங்கிப்போனார். அந்தப் பிள்ளை மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்து வந்தார்.

அந்தத் தோளைத்தான் பின்னால் நான் கட்டிக்கொண்டேன். “ஊர்ல முதல் தடவையா ஒருத்தர் என்மேல சாஞ்சார்” என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார்.

குடைக்காரர் சில வருடம் கழித்து எங்கள் சலவைக்கடைக்கு மேல்மாடியில் குடிவந்தார். ஒரு துளி தூசி பட்டாலும் தும்முகிறவர், தூசி பறக்கிற பேருந்தில் வழி முழுக்கத் தூங்கினார் என்றால் யார் நம்புவார்கள்? கேட்டேவிட்டேன்.

“அண்ணே, அன்னிக்கு நெசமாவே தூங்கினீங்களா?”

“நல்ல தோளு தங்கச்சி, தலையணை மாதிரி இருந்துச்சு” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

அச்சுப்பிள்ளை என்றால் என்ன என்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்கிறார்கள். படித்தவர்கள் குளோன் என்பார்கள். ஒரே மனிதருடைய உடம்பிலிருந்து கிள்ளி எடுத்த உயிரணுவைக் கண்ணாடிப் பானைகளில் வைத்து வளர்ப்பார்கள். பானைக்கு ஒரு பிள்ளை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே முகம், ஒரே குரல், ஒரே ரத்தம். அச்சில்லம் என்ற பெரிய விடுதியில் ஆயாமார் அவர்களை வளர்த்து வேலைக்கு அனுப்புவார்கள். அவர்களுக்கு ஆன்மா இல்லை என்று சிலர் பேசினார்கள். எனக்கு அந்தக் குழப்பம் வந்ததில்லை. பானையை மனிதன் செய்யலாம், மூச்சை ஊதுகிறவர் மேலே இருக்கிறார்.

என் வீட்டுக்காரரோடு பிறந்தவர்கள் என்று நான் வந்தபோது மூன்று பேர். மூத்தார் முடி திருத்துகிறவர். பெரிய கொழுந்தன் லாரி ஓட்டுகிறவர். சின்னவர் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுக்கிறார். நான்கு பேரும் என் வீட்டில் கூடினால் அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “உனக்கென்னம்மா, ஒண்ணு கெட்டா மூணு உபரி இருக்கு” என்பாள். நாக்கில் விஷம் இல்லை, சும்மா கிண்டல்தான். நானும், “உன் வீட்ல இருக்கிற ஒண்ணே உபரிதானே” என்று சொல்லிவிடுவேன்.

மேல்மாடி அண்ணனுக்குத் தெருவே வைத்த பெயர் தும்மல் அண்ணன். ரயில் நிலையத்தில் பயணிகள் விட்டுச்செல்கிற பொருள்களை வைத்துக் காக்கும் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகள் கடலோரத்தில் எங்கோ குடும்பமாக இருந்தாள். சும்மா இருக்க முடியாமல், மாடிப்படிக்குக் கீழே ‘துப்பறியும் நிலையம்’ என்று ஒரு பலகை மாட்டினார். வந்ததெல்லாம் பூனையும் பல்செட்டும்தான். பூனையைத் தேடப் போனால் பூனை முடி மூக்கில் ஏறி மனிதர் படுத்துவிடுவார். அவருடைய கைக்குட்டைகளை நான்தான் துவைத்துப் பெட்டி போட்டுக் கொடுப்பேன். வாரா வாரம் மூட்டையாக வரும். சாமி கும்பிடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. நான் வேண்டிக்கொள்வதைப் பார்த்தால், “உங்க ஆளுகிட்ட சொல்லி என் மூக்கை அடைக்கச் சொல்லுங்க தங்கச்சி, நானும் வந்து கும்பிடுறேன்” என்பார்.

“அவர் மூக்கைக் குடுத்ததே மோப்பம் புடிக்கத்தான்” என்பேன்.

“அப்படின்னா பாதிதான் குடுத்திருக்காரு” என்று தும்மிக்கொண்டே படியேறுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் வீட்டில் இடி விழுந்தது.

வீட்டுக்காரருக்குப் பிள்ளைகளுக்கான மருந்துக் கிடங்கில் பொறுப்பாளர் வேலை. சொட்டு மருந்தெல்லாம் குளிர் அறையில் இருக்கும். அந்தக் கதவுக்கு எச்சில் பூட்டு. விரலை நாக்கில் தொட்டுக் கதவில் உள்ள செம்பு வில்லையில் வைத்தால், இது யாருடைய உடம்பு என்று அது பார்த்துக்கொண்டு திறக்கும். அப்போது எங்கள் ஊரில் பாதிக் கதவுகளுக்கு அந்தப் பூட்டுதான். தெருவில் பார்த்தால் ஆளாளுக்கு விரலை நக்கிக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு நாள் மதியம் வழக்கம்போல வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனவர், குளிர் அறைக் கதவு விரியத் திறந்து கிடப்பதைப் பார்த்தார். மருந்து அத்தனையும் வீண். பூட்டைச் சோதித்தார்கள். சாப்பாட்டு வேளையில் அவருடைய உடம்புதான் திறந்திருக்கிறது என்று பூட்டு சொல்லிவிட்டது.

விசாரணை அதிகாரி எங்கள் வீட்டுக்கே வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார்.

“இந்த உடம்பு நாலு பேருக்கு இருக்கு. முடி வெட்டுறவர் அந்நேரம் ஒருத்தர் மீசையைப் பாதி வெட்டிட்டு நின்னுட்டு இருந்தாரு. லாரி வெளியூர்ல. வாத்தியார் வகுப்புல. மிச்சம் உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தாம்மா.”

“ஐயா, அவர் இங்க என் முன்னாடி உக்காந்து சாப்பிட்டாரு. ரெண்டாந்தடவ குழம்பு கேட்டாரு.”

“பொண்டாட்டி சாட்சி செல்லாதும்மா” என்றார். அவருக்கே சொல்ல வருத்தமாக இருந்தது. “வெள்ளிக்கிழமை விசாரணை. வேற ஆள்னு யாரும் இல்லன்னா, உள்ள போட்டுருவாங்க. புள்ளைங்க மருந்து, சின்ன விஷயம் இல்ல.”

அவர் போனதும் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் மாடிப்படி ஏறினேன். அண்ணன் மூக்கில் ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். போர்வைக்குள்ளிருந்தே எல்லாவற்றையும் கேட்டார்.

“நாலு பேரையும் நாளைக்கு இங்க வரச் சொல்லுங்க” என்றது போர்வை.

அவருடைய அறை தீப்பெட்டி மாதிரி. கட்டில், மேசை போக மிச்சம் ஒரு சுவர்தான். நான்கு பேரும் அந்தச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மூத்தார், என் வீட்டுக்காரர், லாரிக்காரர், வாத்தியார். அண்ணன் கேள்வி கேட்பார் என்று பார்த்தால் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சன்னல் பக்கம் காத்து வரல, கொஞ்சம் நெருங்கி நில்லுங்கப்பா” என்றார்.

நெருங்கினார்கள். மூத்தாரும் என் வீட்டுக்காரரும் தோளோடு தோள் ஒட்டினார்கள். லாரிக்காரரும் வாத்தியாரும் ஒட்டினார்கள். ஆனால் என் வீட்டுக்காரருக்கும் லாரிக்காரருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் அப்படியே இருந்தது. வாத்தியாரின் பாதி உடம்பு கதவுக்கு வெளியே போய்விட்டது. அப்போதும் அந்த இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் எழுந்தார். கைக்குட்டை எடுக்கிற சாக்கில் போய் அந்த இடத்தில் நின்றார். நான்கு பேருக்கும் முகம் ஒரே மாதிரி கோணிற்று.

“அங்க நிக்காதீங்க சார்” என்றார் லாரிக்காரர்.

“ஏன்?”

லாரிக்காரர் விழித்தார். “தெரியல சார். வாயில வந்துருச்சு.”

எனக்குச் சுருக்கென்றது. என் கல்யாணப் படத்திலும் அந்த இடைவெளி உண்டு. நான்கு பேர் வரிசையில் நடுவில் வெறும் சுவர் தெரியும். படம் எடுத்தவருக்குக் கண் சரியில்லை என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! சாப்பிட உட்கார்ந்தாலும் அதேதான். இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். நடுவில் நான் தண்ணீர்ச் செம்பை வைப்பேன், யாராவது ஒருவர் அதை நகர்த்தி வைப்பார்.

“எங்க அறையில ஒரு வழக்கம் உண்டு தங்கச்சி” என்றார் அண்ணன். “அலமாரியில இருக்கிற பொருளைப் பாக்க மாட்டோம். காலியா இருக்கிற எடத்தைத்தான் பாப்போம். எது போச்சுன்னு அதுதான் சொல்லும். இங்க யாருப்பா நின்னாங்க?”

மூத்தார்தான் பேசினார். குரல் இறங்கிவிட்டது. “மூணாவதா ஒருத்தன் இருந்தான் சார். ரொம்பச் சின்ன வயசு. காய்ச்சல் வந்துச்சு, தூக்கிட்டுப் போனாங்க. கடவுள்கிட்ட போயிட்டான்னு ஆயா சொன்னாங்க. தட்டை எடுத்துட்டு வரிசையில நிக்கிறப்ப அவன் எடத்தை நாங்க விட்டுட்டு நிப்போம். சேர்ந்து நில்லுங்கன்னு ஆயா அடிப்பாங்க. அடி வாங்கிட்டு மறுபடி விடுவோம். அப்புறம் மறந்துட்டோம்னு நினைச்சேன்.”

“உடம்பைப் பாத்தீங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப செத்துட்டான்னு எதுக்கு சொல்றீங்க? காணாமப் போயிருக்கான். அது என் இலாகா.” அண்ணன் சந்தோஷம் தாங்காமல் தும்மினார். மேசையில் இருந்த தாள்கள் பறந்தன.

மறுநாள் காலையில் அவர் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனார். நானும் கூடையோடு பின்னால் போனேன். “நீங்க ஒண்ணும் பேசாதீங்க மாப்பிள்ளை, சும்மா நடங்க. யாரு திட்டுறாங்கன்னு மட்டும் பாப்போம்” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குற்றவாளியைப் பிடிக்கப் போகிறாரா, திட்டு வாங்கப் போகிறாரா?

பழக்கடைக்காரர்தான் முதலில் பிடித்துக்கொண்டார். “வாங்க சார்! முந்தாநாள் கரடியா கத்துறேன், யாரோ எவரோன்னு பாத்துட்டுப் போறீங்க. மருந்துக் கிடங்கு சார்னு ஊர் சொல்லுதே, அந்தத் திமிரா?”

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அதற்கப்புறம் செருப்புத் தைக்கிறவர், “தைக்கக் குடுத்த செருப்பை வாங்காமலே புதுசு போட்டுட்டீங்களா?” என்றார். அது எங்கள் செருப்பே இல்லை. காப்பிக்கடைப் பெண் ஆற்றிய டம்ளரை நீட்டி, “இன்னிக்கும் சர்க்கரை வேணாம்தானே?” என்றாள். என் வீட்டுக்காரர் சர்க்கரை டப்பாவையே விழுங்குகிறவர்.

திட்டும் விசாரிப்பும் எந்தப் பக்கம் அதிகமாக வருகிறதோ அந்தப் பக்கமாகவே நடந்தோம். அது ஒரு விடுதி வாசலில் கொண்டுபோய் விட்டது. விடுதிக்கார அம்மா துடைப்பத்தோடு வந்தார்.

“வெளிய போறப்ப சாவியைக் குடுத்துட்டுப் போங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது? அட, அதுக்குள்ள சட்டையும் மாத்தியாச்சா?”

என் வீட்டுக்காரர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அறை வாசலிலேயே காத்திருந்தோம். மதியத்துக்கு முன்னால் ஒரு மனிதர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறி வந்தார். காலரில் வில்லை இல்லை. மற்றபடி நெற்றிச் சுருக்கம் வரைக்கும் அவர்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இடது கையால் பிடரியைச் சொறிந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் தண்ணீர் பம்பு பழுது பார்க்கிறவர். வெகுதூரத்திலிருந்து வேலைக்காக வந்தவர். “எங்க அப்பா அம்மாவுக்கு நான் ஒரே புள்ளங்க” என்றார். அப்படித்தான் அவர் அறிந்திருந்தார். “இந்த ஊருக்கு வந்ததிலேருந்து எல்லாரும் கும்பிடுறாங்க, திட்டுறாங்க. நீங்க மருந்துக் கிடங்கு சார் இல்லையான்னு கேக்குறாங்க. சரி, யாருதான் அந்த சார்னு பாக்கப் போனேன்.”

“கதவை ஏன் தொறந்தீங்க?” என்று கேட்டார் அண்ணன்.

“தொறக்கலங்க! வில்லையில எல்லாரும் எச்சி தொட்டு வைக்கிறாங்கல்ல? எங்க ஊர்ல அதெல்லாம் கிடையாது. அது கூப்பிடுற மணின்னு நினைச்சேன். கூப்பிட்டேன். அது தொறந்துக்கிச்சு. உள்ள எட்டிப் பாத்தேன், யாரும் இல்ல. திரும்பினா, கதவுக்கு வெளிய இருந்த மேசையில ஒரு கல்யாணப் படம்.” அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “என் மூஞ்சி. நாலு தடவை. ஓடி வந்துட்டேன். எங்க ஊர்ல கதவு தன்னால சாத்திக்குங்க.”

இவ்வளவுதான் துப்பு. மணி என்று நினைத்து ஒரு மனிதர் பூட்டைத் தொட்டிருக்கிறார்.

ஆனால் வேலை முடியவில்லை. அவர் வந்து சொன்னால்தானே வீட்டுக்காரர் தப்புவார்? வந்து சொன்னால் அவரும் அச்சுப்பிள்ளை என்று ஊரறிய ஆகும். காலரில் வில்லை ஏறும். இத்தனை வருடம் மறைத்து வளர்த்த அம்மா என்ன ஆவாள்? அவர் கருவிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “எங்க அம்மா உயிரோட இருக்காங்க” என்று மட்டும் சொன்னார்.

நான் அவர் காலில் விழப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தேடிக் கண்டுபிடிக்கிறதுதான் தம்பி என் வேலை. இழுத்துட்டுப் போறது இல்ல. வெள்ளிக்கிழமை காலையில விசாரணை. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்.”

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அண்ணனோடு பேசவில்லை. வீட்டுக்குப் போனதும் விளக்கேற்றி உட்கார்ந்தேன். கடவுளே, அந்தத் தாயையும் காப்பாற்று, என் வீட்டையும் காப்பாற்று, இரண்டும் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியும் என்றேன். வேறென்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் நான்கு பேரையும் நிற்க வைத்தார்கள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். “ஏன் நடுவுல எடம் விட்டு நிக்கிறீங்க? சேர்ந்து நில்லுங்க.” நகர்ந்தார்கள். இடம் அப்படியே இருந்தது. அதிகாரி அலுத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்து, “வேற ஆள் இருக்கான்னு சொன்னீங்க. எங்க?” என்றார். அண்ணன் வாசலைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தும்மலை அடக்கினார். அன்றைக்குத்தான் அவர் பயந்ததைப் பார்த்தேன்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். கதவும் திறந்தது.

பம்புக்காரர் கருவிப் பையோடு உள்ளே வந்தார். யாரையும் கேட்கவில்லை. அறையில் எத்தனையோ இடம் இருந்தது, நாற்காலி இருந்தது. நேரே நடந்து போய் என் வீட்டுக்காரருக்கும் லாரிக்காரருக்கும் நடுவில் நின்றார். நின்ற பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவரே பார்த்தார்.

“யாருய்யா நீங்க? அங்க போய் ஏன் நிக்கிறீங்க?” என்றார் அதிகாரி.

“தெரியலங்க” என்றார் அவர். “கால் வந்துருச்சு.”

வாத்தியார் தேம்பினார். லாரிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பூட்டுப் பெட்டியை வரவழைத்தார்கள். பம்புக்காரர் விரலை நாக்கில் தொட்டு வைத்தார், அது உடனே திறந்தது. நடந்ததை எல்லாம் சொன்னார். அதிகாரி கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். “மணியா? நல்லா அடிச்சீங்க போங்க” என்றார். தவறு ஆளுடையது இல்லை, ஒரு கதவுக்கு ஒரே பூட்டு வைத்ததுதான் என்று முடிந்தது. குளிர் அறைக் கதவுக்கு மேலே ஒரு சாதாரண இரும்புப் பூட்டையும் மாட்டினார்கள். புது மருந்து வந்து சேர்ந்தது. எந்தப் பிள்ளைக்கும் குறை வரவில்லை, ஆண்டவனுக்கு நன்றி.

வெளியே வந்ததும் பம்புக்காரரிடம் கேட்டேன். “உங்க அம்மா?”

“போன் பண்ணிக் கேட்டேன், அந்தப் படத்துல நடுவுல எடம் காலியா இருக்குன்னும் சொன்னேன். ரொம்ப நேரம் அழுதாங்க. காய்ச்சல்ல கிடந்த என்னை அச்சில்லத்துக்காரங்களுக்குத் தெரியாம தூக்கிட்டுப் போய் வளர்த்தாங்களாம். அப்புறம், ‘உனக்குன்னு எடம் விட்டு வச்சிருக்காங்களாமே, போய் நில்லுடா’ன்னாங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “பசிக்குது அண்ணி” என்றார்.

‘அண்ணி’ என்று அவர் கூப்பிட்டதைக் கேட்டதும் நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். பேசாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்துக் கும்பிட்டேன். அவர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

கூலியாக என்ன வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, “கைக்குட்டைக்குக் கஞ்சி போடாம இருக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை, மூக்கைக் கிழிக்குது” என்றார். இத்தனை வருடமாகச் சொல்லாமல் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறார்!

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஐந்து பேரும் கூடுவார்கள். பம்புக்காரர் இந்த ஊரிலேயே கடை போட்டார். அவருடைய அம்மா ஒரு தடவை வந்து, ஐந்து பேரையும் உட்கார வைத்துத் தலை வாரிவிட்டுப் போனார். நீல வில்லைச் சட்டமும் நாளடைவில் போனது. அடுத்த வீட்டுக்காரி, “இப்ப உபரி நாலா?” என்றாள். சாப்பிடும்போது அண்ணனையும் கூப்பிடுவோம். வருவார். ஆனால் கதவோரம் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். “உள்ள வந்து உக்காருங்கண்ணே” என்றால், “தும்மினா உங்க குழம்புல விழும் தங்கச்சி” என்பார்.

வயது ஏற ஏற அவருக்கு மூச்சு சிரமமானது. கடல்காற்று நல்லது என்றார் மருத்துவர். மகள் வந்து பெட்டியைக் கட்டினாள். பலகையை அவரே கழற்றினார். அதை எங்கள் கடையில் துணி மடிக்கிற பலகையாக வைத்திருக்கிறேன்.

வழியனுப்ப எல்லோரும் பேருந்து நிலையத்துக்குப் போனோம். லாரிக்காரர் பெட்டியை ஏற்றினார். மூத்தார் கடைசியாக ஒரு தடவை அவர் மீசையைச் சரி செய்தார். ஐந்து பேரும் பேருந்துக்குப் பக்கத்தில் வழக்கம்போல வரிசையாக நின்றார்கள். இப்போது இடைவெளி இல்லை. நான் வெளுத்து மடித்த கைக்குட்டைக் கட்டைச் சன்னல் வழியாகக் கொடுத்தேன், கஞ்சி போடாதது. பேருந்து உறுமியது. அவர் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “எனக்கும் ஒரு ஆள் எடம் விட்டு வைங்க தங்கச்சி. ஓரத்துல வேணாம், நடுவுல. ஓரம்னா காத்தடிக்கும், தும்மல் வந்துரும்.”